கடிவாளமும் கருணையும்

ஓர் உயிர் படும் துன்பத்தைத் தணிப்பது ஓர் அறம். அத்துன்பத்திற்குக் காரணமான செயலையே விட்டொழிப்பது மற்றோர் அறம். இவ்விரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் ஒன்றல்ல. சுமையை இறக்காமல், சுமப்பவன் தலைக்குச் சும்மாடு மட்டும் கட்டித் தருபவனை அருளாளன் என்பதா, தன் காரியத்தில் கண்ணுடையவன் என்பதா? கறவைப் பசுவின் கயிறு, வண்டிமாட்டின் நுகத்தடி, காவல் நாயின் சங்கிலி என எதனைத் தொட்டாலும் இவ்வினா உடன் எழும். ஏட்டளவில் பேசிக்கொண்டிருப்பதைவிட, ஒரே ஓர் உயிரின் தலைமேல் வைத்து இதனை ஆராய்ந்தால் தெளிவு பிறக்கக்கூடும். அவ்வுயிர் குதிரை, அதிலும் கடிவாளத்திற்குப் புதிய இளங்குதிரை.

ஈரோடு மாவட்டம் அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டிக் கூடும் குதிரைச் சந்தை தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. கத்தியவார், மார்வார் இனக் குதிரைகள் அங்கே வரும். வாங்க வருவோர் சுழி பார்ப்பர். நெற்றிச் சுழியையும் கழுத்துச் சுழியையும் விரல் வைத்து எண்ணுவர். பல்லைப் பிடித்து வயதைக் கணிப்பர். நடையைப் பார்ப்பர். காதுகளுக்குப் பின்னே பிடரி மயிரை விலக்கி, வார் அழுந்தும் இடத்தில் தோல் எவ்வாறு இருக்கிறது என்று பார்ப்போர் மிகச் சிலரே. வாங்கிச் சென்ற சில வாரங்களில் அந்த இளங்குதிரை கடிவாளத்தைக் கண்டதும் தலையை உயர்த்தும்; காதைத் தொடவிடாது; பின்னுக்கு நகரும். உடனே அதற்கு 'முரட்டுக் குதிரை' என்ற பெயர் வந்து சேரும். அப்பெயர் வந்தபின் அடிக்கும் கைக்குக் கூச்சம் இராது.

நல்லுள்ளம் படைத்த சிலர் அவ்வாறு பெயர் சூட்டாமல், “வாருக்கு அடியில் எதனை வைத்துத் தைத்தால் வலி குறையும்? ஆட்டுத்தோல் வைக்கலாமா?” என்று கேட்கின்றனர். நல்ல கேள்வி. ஆயினும் அக்கேள்விக்குள் வேறு சில கேள்விகள் மறைந்து கிடக்கின்றன.

முதலில் அத்தலையை அறிந்துகொள்வோம். கடிவாளம் தனித்த ஒரு பொருளன்று. காதுகளுக்குப் பின்னே உச்சியின்மேல் செல்லும் உச்சிவார், நெற்றியின் குறுக்கே செல்லும் நெற்றிப்பட்டை, இரு கன்னங்களிலும் இறங்கும் கன்னவார்கள், மூக்கைச் சுற்றும் மூக்குப்பட்டை, வாய்க்குள் இடப்படும் இரும்பு, அவ்விரும்பிலிருந்து செலுத்துவோர் கைக்கு வரும் பிடிவார்கள் ஆகியன சேர்ந்த அமைப்பு அது. வாயிரும்பு ஒன்றே குதிரையை வருத்தும் எனப் பலர் எண்ணுவர். உச்சியைப் பற்றி எண்ணுவோர் குறைவு. கழுத்து முழுவதையும் தாங்கும் தடித்த நாண், மண்டையோட்டின் பின்புறத்தில் வந்து பொருந்தும் இடம் அதுவே. நெற்றிப்பட்டை குட்டையாக அமைந்துவிட்டால், அது உச்சிவாரை முன்னோக்கி இழுத்துக் காதுகளின் அடியில் அழுத்தும். மூக்குப்பட்டைக்கென ஒரு தனி வார் உச்சிவாரின் அடியில் சென்றால் இரண்டு வார்களின் விளிம்புகளும் ஒரே இடத்தில் அழுந்தும். அதற்கும் கீழே கொட்டிலில் கட்டிய தலைக்கயிற்றைக் கழற்றாமல் விட்டுவிடுவோரும் உண்டு.

கன்னத்திலோ, முகத்தை அசைக்கும் நரம்பு தோலுக்குச் சற்றே கீழே ஓடுகிறது. குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கிடத்தும் கால்நடை மருத்துவர்கள் தலைக்கயிற்றைக் கழற்றிவிடுவது வழக்கம். கயிற்றின் வளையம் கன்னத்திற்கு அடியில் அகப்பட்டு அழுந்திக் கிடந்தால் நரம்பு செயலிழந்து, எழுந்த பின் உதடு ஒரு பக்கம் தொங்கிவிடும் என்பதே காரணம். ஒரு சிறு வளையம் இவ்வளவு செய்யவல்லது என்றால், அது எந்த இடத்தில் தங்குகிறது என்பதைச் சிறு செய்தி என்று தள்ள இயலாது.

வாய்க்குள் வருவோம். முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத இடைவெளி ஒன்று குதிரைக்கு இயற்கையாகவே உண்டு. மனிதன் அங்கே இரும்பை வைத்தான். அவ்விடத்து ஈறு, எலும்பின்மேல் மெல்லிதாகப் போர்த்திய தோல் போன்றது. இளங்குதிரைக்குக் கூடுதலான ஒரு துன்பமும் உண்டு. ஏறத்தாழ இரண்டரை வயதில் தொடங்கி ஐந்து வயதை எட்டும் வரை, பால் பற்கள் விழுவதும் நிலைப் பற்கள் முளைப்பதுமாக அதன் வாய் ஓய்வின்றி இருக்கிறது. நாம் அதன்மேல் ஏறிப் பழக்கத் தொடங்கும் பருவமும் பெரும்பாலும் இதுவே. பல் முளைக்கும் குழந்தை எதைக் கொடுத்தாலும் துப்பினால் தாய் அதனை முரட்டுக் குழந்தை என்பதில்லை.

“குதிரையின் தோல் தடித்தது, நமக்கு வலிப்பது போல் அதற்கு வலியாது” என்று கூறுவோர் உளர். 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் குதிரையின் பின்தொடைப் பகுதித் தோலையும் மனிதத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். வலியை உணரும் நரம்பு முனைகள் அமைந்துள்ள மேல்தோலைப் பொறுத்தவரை இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர். 2019-இல் பின்லாந்தில் வெளியான மற்றோர் ஆய்வு, வண்டிப் பந்தயம் முடிந்து வந்த 261 குதிரைகளின் வாய்களைத் திறந்து பார்த்தது. அவற்றுள் 219 குதிரைகளுக்கு இரும்பு தங்கும் இடத்தில் புதுப்புண் இருந்தது. அவற்றுள் வாய்க்கு வெளியே இரத்தம் தெரிந்தவை மிகச் சிலவே. பார்வையாளர் மேடையில் அமர்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் நலமாகவே தோன்றியிருக்கும்.

இனி நூல்கள் கூறுவதைப் பார்ப்போம். இல்லறத்தாரின் கொல்லாமை அணுவிரதத்தைக் கறைப்படுத்தும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அதிகாரம் எண்ணிக் காட்டுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. இவ்வைந்தும் வேட்டைக்காரனை நோக்கிக் கூறப்பட்டவை அல்ல. கொல்லமாட்டேன் என்று உறுதி பூண்டு, வீட்டில் மாடும் குதிரையும் வைத்திருக்கும் நல்ல இல்லறத்தானை நோக்கிக் கூறப்பட்டவை. உயிரைப் போக்காமலே உயிரை வருத்தும் வழிகளில் கட்டுதலும் ஒன்றாக வைக்கப்பட்டிருக்கிறது.

அப்படியாயின் கட்டுவதே கூடாதா? ஆவசியக சூத்திரத்திற்கு எழுந்த பழைய உரைகள் இங்கே மிக நுட்பமான ஒரு பாகுபாட்டைச் செய்கின்றன. கட்டு இருவகைப்படும். சாபேக்ஷம், அதாவது கட்டப்பட்ட உயிரின் நிலையைக் கருத்திற் கொண்டு கட்டுவது. நிரபேக்ஷம், அதாவது அதனைக் கருதாமல் அசையவிடாது இறுக்கிக் கட்டுவது. முதல்வகைக்கு அவ்வுரைகள் கூறும் அடையாளம் தத்துவச் சொல் ஒன்றுமன்று; தீப்பிடித்தால் விரைவில் அவிழ்க்கவோ அறுக்கவோ கூடிய முடிச்சாக அது இருக்க வேண்டும் என்பதே. தீப்பற்றிய கொட்டிலையும் அதனுள் துடிக்கும் கன்றையும் கண்ணால் கண்ட ஒருவரே இவ்வாறு எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அன்பு இருக்கிறதா, இல்லையா என்று நெஞ்சைக் கேட்கச் சொல்லாமல், முடிச்சைப் பார் என்கின்றனர் அவ்வுரையாசிரியர்கள். நெஞ்சு நமக்கு வேண்டிய விடையையே சொல்லும். முடிச்சு அவ்வாறு சொல்லாது.

இந்த அளவுகோலைக் குதிரையின் தலைக்குக் கொண்டுசெல்வோம். தலை வலிக்கும் இளங்குதிரைக்கு முதலில் செய்ய வேண்டியது எதனையும் சேர்ப்பதன்று; கழற்றுவது. கடிவாளத்தைக் கழற்றி, உச்சியையும் காதடியையும் விரல் நுனியால் மெல்ல அழுத்திப் பார்க்க வேண்டும். எங்கே முகம் சுளிக்கிறது, எங்கே காது பின்னே மடிகிறது என்பதைக் காண வேண்டும். 2014-இல் ஐரோப்பிய ஆய்வாளர் குழு ஒன்று, குதிரையின் முகத்தில் வலி எவ்வாறு எழுதப்பட்டிருக்கும் என்பதை வகைப்படுத்தி வெளியிட்டது. பின்னோக்கி விறைத்த காதுகள், சுருங்கிய கண்ணிமை, கண்ணுக்கு மேல் புடைத்துத் தெரியும் எலும்பு, இறுகிய தாடைச் சதை, விறைத்த உதடு, விரிந்து இறுகிய மூக்குத்துளை ஆகியனவே அவை. இவற்றைப் படிக்கப் பள்ளிக்கூடம் தேவையில்லை, பொறுமை தேவை.

காய்ந்த வியர்வையின் உப்பு வாரின் அடியில் படிந்து அரத்தைப் போல் தேய்க்கும். ஆகவே தோலையும் வாரையும் நல்ல நீரால் துடைத்து உலரவிட வேண்டும். புண்ணோ வீக்கமோ ஆறும் வரை உச்சியின்மேல் எதுவும் ஏறக்கூடாது. ஒரு வாரம் ஆகலாம். அதற்கு மேலும் ஆகலாம். தீவனத்தை உயரத் தொட்டியில் வைக்காமல் தரைமட்டத்தில் வைத்தால், குதிரை தன் இயல்புப்படி தலை தாழ்த்தித் தின்னும்; கழுத்து தளரும். உச்சியில் சூடும் வீக்கமும் இருந்தாலோ, சீழ் வடிந்தாலோ, கழுத்தைத் திருப்ப மறுத்தாலோ, உண்ணும்போது உணவை வாயிலிருந்து நழுவவிட்டாலோ கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். காதுக்குள் உண்ணி இருக்கலாம். பல்லில் கூர் இருக்கலாம். பல்வலியை வாருக்கு மெத்தை தைத்துத் தீர்க்க முடியாது.

ஆறிய பின் கடிவாளத்தை மீண்டும் அறிமுகம் செய்யும்போது அவசரம் ஆகாது. காதைப் பிடித்து இழுத்து வாருக்குள் நுழைக்கும் பழக்கம் பல கொட்டில்களில் உண்டு. அவ்வாறன்றி, குதிரை தானே தலை தாழ்த்தும் வரை காத்திருந்து, ஒவ்வொரு காதாக மெல்ல முன்னே மடித்து உள்ளே விட வேண்டும். சில நிமிடங்கள் மட்டும் அணிவித்துக் கழற்றிவிட வேண்டும். நெற்றிப்பட்டையின் அடியில் விரல் தாராளமாக நுழைய வேண்டும். உச்சிவாரின் விளிம்பு காதின் அடியைத் தொடக்கூடாது. வளையங்கள் தாடை மூட்டின்மேல் அமரக்கூடாது. இவை அனைத்தினும் மேலாக, பிடிவாரைக் கொண்டு குதிரையைத் தூணில் கட்டவே கூடாது. வெருண்டு பின்னே இழுத்தால் அதன் எடை முழுவதும் உச்சியிலும் ஈறிலும் இறங்கும். பழைய உரைகள் கூறும் அவிழ்க்கக்கூடிய முடிச்சுக்கு நேர் எதிரானது இது.

மெத்தை எங்கே? மெத்தை கடைசியில் வருகிறது. சரியாகப் பொருந்திய அகன்ற வாருக்கு அடியில் மென்துணி வைப்பது நன்மையே. இறுக்கமான வாருக்கு அடியில் மெத்தை வைத்தாலோ, இடம் மேலும் குறைந்து இறுக்கம் கூடும். சிறிய செருப்புக்குள் பஞ்சை அடைத்து அணிந்து பார்த்தால் இது விளங்கும்.

இதுவரை கூறியது கைத்தொழில் செய்தி. இதிலிருந்து அறம் பற்றிய வினா எழும் இடம் மூக்குப்பட்டை. குதிரை வலிக்கும்போது வாயைத் திறக்கும், நாவை இழுக்கும், தாடையைக் கோணும். பேச்சில்லாத அவ்வுயிர் நமக்குத் தரும் விடை அது ஒன்றே. மூக்குப்பட்டையை இறுக்கினால் வாய் திறவாது. குதிரை அமைதியாக, அடக்கமாகத் தோன்றும்; போட்டிகளில் அதற்கு மதிப்பெண்ணும் கிடைக்கும். மூக்கெலும்பின்மேல் இரண்டு விரல் நுழைய இடம் விட வேண்டும் என்பது பழைய குதிரையேற்ற நூல்களின் அறிவுரை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளில் 750 போட்டிக் குதிரைகளை அளந்து 2017-இல் வெளியான ஆய்வில், இரண்டு விரல் இடம் இருந்தவை நூற்றுக்கு 7 மட்டுமே. நூற்றுக்கு 44-இல் ஒரு விரலும் நுழையவில்லை. பன்னாட்டுக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025-இல்தான் இதற்கென ஓர் அளவுகோலைப் போட்டிக் களங்களுக்குக் கொண்டுவந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த இறுகிய மூக்குப்பட்டைகளுள் பல, மிக உயர்ந்த மெத்தை தைக்கப்பட்டவை. மெத்தையும் இருக்கிறது, குதிரையின் வாயும் அடைக்கப்பட்டிருக்கிறது. என் கருத்தில், கடிவாளம் மென்மையானதா கடுமையானதா என்பது இரண்டாவது கேள்வி. கட்டப்பட்ட உயிர் “எனக்கு இது ஆகாது” என்று உடலால் சொல்ல அந்தக் கட்டு இடம் விடுகிறதா, சொன்னால் கட்டியவன் கேட்டு நிறுத்துகிறானா என்பதே முதற்கேள்வி. வலியைவிட, வலியைச் சொல்ல விடாமை கொடிது. ஏனெனில் சொல்ல முடிந்த வலிக்கு என்றேனும் மருந்து வரும்.

இரும்பே இல்லாத கடிவாளத்தைப் பற்றியும் இன்று பலர் பேசுகின்றனர். இளங்குதிரைக்கு, அதுவும் பல் மாறும் பருவத்தில், அது பெரும்பாலும் நன்மையே. ஆயினும் அது மூக்கிலும் உச்சியிலும் அழுத்தித்தான் செயல்படுகிறது. மூக்கெலும்பின் கீழ்நுனி மிக மெல்லியது. நெம்புகோல் பொருத்தியவை கடுமையாகவே அழுத்தும். 'இரும்பில்லாதது' என்ற பெயரைக் கேட்டவுடன் விரதம் காக்கப்பட்டதாக எண்ணி அமைந்துவிடுவதும் பழைய மயக்கத்தின் புதிய வடிவமே.

கடிவாளத்தை நல்லதின் சின்னமாகவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உத்தராத்தியயன சூத்திரத்தின் 23-ஆம் அதிகாரத்தில் கேசி முனிவர், அடங்காத குதிரைமேல் அமர்ந்தும் நீர் வழிதவறாதது எவ்வாறு என வினவ, மனமே அக்குதிரை என்றும் அறிவே அதன் கடிவாளம் என்றும் பொருள்பட கௌதமர் விளக்கம் கூறுகிறார். அரிய உவமை அது. ஆயின் அவ்வுவமையில் குதிரையும் செலுத்துபவரும் ஒருவரே. தன்னைத் தானே அடக்கிக்கொள்பவன் அந்த வலியையும் தானே ஏற்கிறான். அதன் பயனையும் தானே அடைகிறான். கொட்டிலில் நிற்கும் குதிரையோ வேறோர் உயிர். அதன் வலி அதற்கு, பயன் நமக்கு. உள்ளத்துக்குச் சொன்ன உவமையை உடலுள்ள மற்றோர் உயிர்க்கு அப்படியே பொருத்தி, அடக்குதல் எல்லாம் அறம் என்று கொள்வது தவறு.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். “அவ்வாறாயின் குதிரைமேல் ஏறாமலிருப்பதுதானே முழுமையான அறம்? கடிவாளத்தை மெத்தென்று ஆக்குவது வெறும் சமாதானம் அல்லவா?” இத்தடைக்கு வலிமை உண்டு; இதனை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. மகாவிரதம் பூண்ட முனிவர்கள் எந்த விலங்கின்மேலும் ஏறுவதில்லை. இன்று நம்மில் எவருக்கும் பயணத்திற்குக் குதிரை இன்றியமையாததும் அன்று. பொழுதுபோக்கிற்காக ஓர் உயிரைக் கட்டுவதற்கு நியாயம் தேட வேண்டியவர் கட்டுபவரே. கடிவாளம் மென்மையாயிருக்கிறது என்பது அந்நியாயம் ஆகாது. இதனை நான் ஒப்புகிறேன்.

ஆனால் அவ்வாதத்தை முடித்துவிட்டுத்தான் உச்சிப்புண்ணைக் கவனிப்போம் என்றிருப்பது, தடை கூறுபவருக்கும் நோக்கமாயிராது. குதிரை பிறந்துவிட்டது, சந்தைக்கு வந்துவிட்டது, யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. அவிழ்த்துத் தெருவில் விட்டால் அது பட்டினியாலும் வண்டி மோதியும் துன்புறும். ஏறுவது தகுமா என்ற வினா ஆண்டுக்கணக்கில் நடக்கட்டும். நெற்றிப்பட்டையை ஓர் அங்குலம் நீட்டுவது இன்று மாலையே நடக்கக்கூடியது.

மற்றொரு தடை இதைவிட நுட்பமானது. வலி நீங்கிய குதிரை நன்றாக ஓடும், நெடுநேரம் உழைக்கும், நல்ல விலைக்குப் போகும். அப்படியாயின் இந்தக் கருணை வணிகமன்றோ? பயன் வருவதால் மட்டும் ஒரு நற்செயல் கெட்டுவிடாது. பாலுக்காகப் பசுவுக்குத் தீவனம் வைப்பவனும் தீவனம் வைத்தவனே. நோக்கத்தைச் சோதிக்க ஒரு வழி உண்டு. வலியைத் தணித்த பிறகும் குதிரை முன்போலவே தலையை உதறினால் உரிமையாளர் என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இன்னும் எங்கோ வலிக்கிறது என்று மீண்டும் தேடுவாராயின் அவர் குதிரைக்காகச் செய்தார். “இவ்வளவு செலவு செய்தும் அடங்கவில்லையே” என்று கடுமையான இரும்பைத் தேடிச் செல்வாராயின், அவர் செய்தது செலவுக் கணக்கு.

ஆட்டுத்தோல் பற்றிய கேள்வி நம்மவர்க்கே உரிய தனிச் சிக்கல். ஒரு குதிரையின் தோலைக் காக்க ஓர் ஆட்டின் தோலை உரிப்பதா? வாரே மாட்டுத்தோலால் ஆனது அல்லவா? தோற்பொருளை விலக்கும் நம் இல்லங்களில் இக்கேள்வி எழாவிட்டால்தான் வியப்பு. ஆனால் இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். தோலை விலக்கி, கடையில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய நைலான் பட்டையை வாங்கிக் குதிரைக்கு மாட்டுவோர் உளர். அதன் விளிம்பு கத்தியைப் போல் தோலை அறுக்கும், வியர்வையை உறிஞ்சாது, எங்கேனும் மாட்டிக்கொண்டால் அறுந்து விடுவிக்கவும் செய்யாது. பழந்தோல் அறுந்துவிடும், நைலான் அறுபடாமல் குதிரையின் கழுத்தை முறிக்கும். நம் கை தூய்மையாயிற்று; குதிரையின் தலை புண்ணாயிற்று. இதனை விரதம் காத்ததாக எவ்வாறு சொல்வது? அகன்ற பருத்தி நாடாவை இரண்டு மூன்று மடிப்பாகத் தைத்து, விளிம்பை உள்ளே மடக்கி, அடியில் கத்தரித்து எடுத்த கம்பளி மயிரால் நெய்த துணியை வைத்தால் இரண்டு தோலும் தேவையில்லை. அடிக்கடி துவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தோலை விலக்கியவர் இந்த உழைப்பையும் ஏற்க வேண்டும்.

குதிரை வளர்ப்போர் நம்மில் மிகச் சிலர். இக்கட்டுரை நமக்கு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். குதிரையை வளர்க்காமலே அதன் வாயில் இரும்பை இடுவோர் நம்மில் பலர். திருமண ஊர்வலத்தில் மாப்பிள்ளை ஏறிவர, அரைமணி நேர வாடகைக்குக் குதிரை அமர்த்தும் குடும்பங்கள் நம் சமூகத்தில் இன்றும் உள்ளன. பட்டாசு, மேளம், மின்விளக்கு இவற்றின் நடுவே வெருளாமல் நிற்பதற்காக, முள் பதித்த இரும்பை வாயில் இடும் வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் காணப்பட்டு, விலங்குநல அமைப்புகளால் பலமுறை பறிமுதல் செய்யப்பட்டுள்ளது. வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள், முள்ளோ முண்டோ உடைய வாயிரும்பையும் சேணத்தையும் வெளிப்படையாகத் தடை செய்கின்றன. சட்டம் அறுபதாண்டுப் பழமையானது. அந்த இரும்பு இன்னும் கடைகளிலிருந்து மறையவில்லை.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை சேரும் என்று சிறுவயதிலேயே கற்கிறோம். வாடகை கொடுப்பது இரண்டாம் வழி. குதிரையின் பக்கத்தில் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வது மூன்றாம் வழி. நேமிநாதர் தம் திருமணத்திற்குச் செல்லும் வழியில், விருந்துக்காக அடைத்து வைக்கப்பட்ட விலங்குகளின் ஓலத்தைக் கேட்டுத் தேரைத் திருப்பினார் என்று கேட்டிருக்கிறோம். போளூருக்கு அருகே திருமலையில் அவருடைய நெடிய திருவுருவின் முன் நின்று வணங்கியும் வருகிறோம். அன்று அத்தேரைத் திருப்பியதும் பிடிவார்களே என்று நான் சில வேளை நினைப்பதுண்டு.

ஆகவே குதிரை அமர்த்தியே தீர வேண்டும் என்போர், முன்பணம் கொடுக்கும் நாளிலேயே கொட்டிலுக்குச் சென்று சிலவற்றைப் பார்க்கலாம். இரும்பைக் கழற்றிக் கையில் தரச் சொல்லி, உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். வாயோரத்தில் வெடிப்போ தழும்போ உண்டா, காதுக்குப் பின்னே மயிர் உதிர்ந்திருக்கிறதா, மூக்குப்பட்டைக்கு அடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்க்கலாம். குதிரைக்காரர் பிழைப்புக்காகச் செய்பவர். அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. பட்டாசு இல்லை, மேளம் தள்ளி வரும், முள்ளிரும்பு வேண்டாம் என்று சொல்லி, அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்வர். கழற்றிக் காட்ட மறுத்தால் அக்குதிரை நமக்கு வேண்டாம். மண்டபம் பெரும்பாலும் அடுத்த தெருவில்தான் இருக்கும். மாப்பிள்ளை நடந்தே வரலாம்.